ஐவியின் நெற்றியில் யாரோ வைத்த பொட்டு

ஐவி முதலில் பொட்டைத்தான் பார்த்தாள். முகத்தைப் பிறகுதான் பார்த்தாள்.

நோட்டன் பிரிட்ஜ் பஸ் தரிப்பிடத்துச் சுவரில், பால்மா விளம்பரத்துக்கு மேலே, பசை காயாத ஒரு படத்தில் ஒரு பெண் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நெற்றி நடுவில் பெரிய சிவப்புப் பொட்டு, வட்டம் பிசகாமல் இருந்தது. யாரோ கோயில் கமிட்டிப் பெண்மணி என்று நினைத்துத் தாண்டப் போனவள், சேலைக் கரையைப் பார்த்து நின்றுவிட்டாள். தம்பி கல்யாணத்துக்கு எடுத்த சேலை அது. சேலை அவளுடையது, சிரிப்பு அவளுடையது, கீழே கொட்டை எழுத்தில் இருந்த பெயரும் அவளுடையது. பொட்டு மட்டும் அவளுடையதில்லை.

அவள் கை தன் நெற்றிக்குப் போய்த் தடவிப் பார்த்தது.

ஐவி வேதக்காரி. தோட்டத்தில் கிறிஸ்தவர்களுக்கு அதுதான் பெயர். ஆர்டன்மூர் தோட்டத்து மேல் டிவிஷனில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே அழகனைக் கட்டிக்கொண்டவள். அழகன் தேயிலை ஃபெக்டரியில் ரோலர் மெஷினில் வேலை செய்பவன்; மாரியம்மன் திருவிழாவில் வருஷம் தவறாமல் தீச்சட்டி ஏந்துகிறவன். இருவரும் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். தோட்டத்து வரிசை வீடான அவர்கள் லயத்தில் ஒரே சுவரில் ஒரு பக்கம் இயேசு, இன்னொரு பக்கம் முருகன், நடுவில் கலண்டர். அவர்களுக்குள் சண்டை வந்ததுண்டு. அழகன் குடித்துவிட்டு வந்தால் சண்டை வரும், ஐவி அவன் தங்கச்சியைப் பற்றி ஏதாவது சொன்னால் வரும். சாமியை வைத்து வந்ததே இல்லை. மகன் கிஷாந்த் கொழும்பில் வேலைக்குப் போனபோது அவள் ஜெபம் பண்ணி அனுப்பினாள். அழகன் விபூதி பூசி அனுப்பினான். பையன் இரண்டையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

ஐவிக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் குழந்தைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். மாலையில் வந்து தூக்கிப் போவார்கள். அந்த வேலைதான் அவளை அரசியலுக்குள் இழுத்துக்கொண்டு வந்தது.

லயத்து மலசலகூடக் குழி நிரம்பிப் பிள்ளைக்காம்பரா வாசல் வழியாக ஓட ஆரம்பித்தது. தோட்டத்தில் கேட்டால் அது பிரதேச சபையின் வேலை என்றார்கள். பிரதேச சபையில் கேட்டால் அது தோட்டத்தின் வேலை என்றார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒருநாள் காலையில் ஐவி ஒரு பழைய பெயின்ட் வாளியில் அந்தத் தண்ணீரை அள்ளினாள். மூடி போட்டு, துணியால் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய், சபை அலுவலகத்து மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள்.

"இது தோட்டத்துதா, சபையோடதான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க சார்" என்றாள்.

யாரோ அதைப் போனில் படம் பிடித்தார்கள். நுவரெலியா வரைக்கும் அந்தப் படம் ஓடியது. குழி வெட்ட ஆள் வந்தது. அடுத்த பிரதேச சபைத் தேர்தலுக்கு ஐவியைத் தேடி லோஜன் வந்தான்.

லோஜன் ஹட்டனில் இருக்கும் கட்சிக்காரன். சட்டைக் கொலர் கலையாதவன், எல்லாரையும் அக்கா என்றும் ஐயா என்றும் கூப்பிடுகிறவன். பெண் வேட்பாளர் இல்லாமல் கட்சியின் பட்டியலைத் தேர்தல் அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள் என்பதையும் அவன் மறைக்கவில்லை.

"தம்பி, நான் வேதக்காரி. இந்த வட்டாரத்துல பாதிக்கு மேல கோயிலுக்குப் போற சனம். தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?" என்று கேட்டாள் ஐவி.

"அதெல்லாம் இப்ப யாரு பாக்குறாங்க அக்கா? உங்க வாளியத்தான் பாத்தாங்க."

அதைக் கேட்டு அவள் சிரித்தாள், ஒத்துக்கொண்டாள். அதே சிரிப்போடு நல்ல சேலையில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்து, அதன் மேல் பொட்டு வைத்திருந்தார்கள்.

பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே நஜீம் நானாவின் ஹாட்வெயார் கடை. அவர் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"ஐவி, ஒன்னு கேட்டா கோவிக்கக்கூடாது. என்ட கடைக் கண்ணாடியிலயும் உங்கட படம் ஒட்டிட்டுப் போயிருக்காங்க. அதுல பொட்டு இல்ல. சேலைய இழுத்துத் தலையில போட்ட மாதிரி கீறி வச்சிருக்காங்க. எது சரி?"

ஐவி போய்ப் பார்த்தாள். உண்மைதான். பள்ளிவாசல் தெருக் கடைகளில் அவள் தலையில் முக்காடு. லயங்களுக்குப் போகும் சாலையில் நெற்றியில் பொட்டு. சிங்களக் கடைகள் பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க நடந்தாள். அங்கே அவள் வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். கையில் தாமரை மொட்டு.

லோஜனுக்குப் போன் எடுத்தாள். நடுரோட்டில் நின்று கத்தினாள்.

"நான் என்ன சந்தையில தொங்குற பொம்மையா, ஆளாளுக்கு உடுப்பு மாட்டிப் பாக்க?"

"கம்ப்யூட்டர்ல செஞ்சதுதானே அக்கா. தேர்தல் மட்டும் பொறுங்க. யாருக்கும் நஷ்டமில்ல."

"எனக்கு நஷ்டம்."

"அக்கா, நீங்க வாளியத் தூக்கிட்டுப் பஸ்ல போனவங்க. இதுக்குப் போயா அருவருப்புப் படுறீங்க?"

அவள் போனை வைத்தாள். வாளியில் இருந்தது குழந்தைகளுடையதும் பெற்றவர்களுடையதும். சோப்புப் போட்டுக் கழுவினால் கையை விட்டுப் போய்விட்டது. இது எங்கே ஒட்டியிருக்கிறது என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. நஜீம் நானாவிடம் சுரண்டும் தகடு ஒன்று வாங்கிக்கொண்டு போய், பஸ் தரிப்பிடத்துச் சுவரில் தன் நெற்றியைத் தானே சுரண்டினாள். பொட்டோடு பாதி முகமும் கிழிந்து வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. அடுத்த வாரம் வீடியோ வந்தது.

ஐவி ஜெபத்துக்குப் போகும் சபைக்கு சீயோன் விளக்கு சபை என்று பெயர். டயர் கடைக்கு மேல்மாடியில் நடக்கும். அவள் ஞானஸ்நானம் எடுத்தது இங்கிலீசுக்காரன் கட்டிய கல்லுக் கோயிலில். அங்கே மாதத்துக்கொருமுறைகூட ஃபாதர் வருவதில்லை. டயர் கடை மாடியில் பாட்டு இருந்தது. மேளம் இருந்தது. வாரம் முழுக்கக் குழந்தைகளைத் தூக்கி இறங்கிப்போன தோள், அங்கே கையை உயர்த்திப் பாடும்போது லேசாகும். அதற்காகத்தான் போனாள். பாஸ்டர் றொனால்டின் பிரசங்கத்துக்காகப் போனாள் என்று சொல்ல முடியாது.

வீடியோவில் பாஸ்டர் வேர்த்து வழிந்துகொண்டு நின்றார்.

"கல்லுக்கு முன்னால விழுறவன் வீட்டுல பிசாசு கட்டில் போட்டுப் படுத்திருக்கும்! தீச்சட்டி ஏந்துறவன் கையில இருக்கிறது நரகத்து நெருப்பு!"

உடனே இன்னொரு துண்டு. வேறொரு ஞாயிறு.

"இந்தக் காட்ட வெட்டித் தேயிலை நட்டது யாரு? நம்ம முப்பாட்டன். அட்டை கடிச்சுச் செத்தது யாரு? நம்ம முப்பாட்டி. ஒரு துண்டுக் காணி நமக்கு இருக்கா? நம்மளக் கள்ளத்தோணின்னு சொன்ன அந்தச் சிங்கள இனமே ஒருநாள் சாம்பலாகும், பாத்துக்கிட்டிருங்க!"

இதற்குக் கீழே சிங்களத்தில் எழுத்து ஓடியது. இரண்டு துண்டிலும் கமரா திரும்பியது. முதல் வரிசையில் ஐவி. கண்ணை மூடி, கையை உயர்த்தி, வாய் திறந்து, "ஆமென்."

மெய்யாகவே அவள் சொன்னாள். வெட்டி ஒட்டியதில்லை. பாஸ்டர் குரல் ஏறி நின்றால் எல்லாரும் ஆமென் சொல்வார்கள், அவளும் சொல்வாள். அதில் ஒரு ஞாயிறு, பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு வந்தோமா என்று யோசித்துக்கொண்டிருந்ததுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் வீடியோவில் பருப்பு தெரியாது.

அழகன் ஃபெக்டரியிலிருந்து வந்து, வாசலில் உட்கார்ந்து, அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். ஐவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவன் தொடவில்லை.

"ஏன் புள்ள, எங்க படுத்திருக்கு?"

"என்னங்க?"

"பிசாசு. கட்டில் போட்டுப் படுத்திருக்குன்றாரே. நம்ம வீட்டுல இருக்கிறது ஒரே கட்டில். அதுல நானும் நீயும்தான் படுக்கிறோம்."

ஐவி தேத்தண்ணியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"அவரு சொல்லட்டும். ஊர்ல ஆயிரம் பேரு ஆயிரம் சொல்லுவான். நீ ஏன் புள்ள கையத் தூக்குன?"

"நான் கேக்கலைங்க. கேக்காமலே சொல்லிட்டேன்."

"என்னையச் சொல்லையிலயும் உனக்குக் கேக்கல."

அவன் எழுந்து உள்ளே போய், முருகன் படத்தைக் கழற்றித் துணியில் சுற்றினான். தங்கச்சி வீட்டுக்குக் கொண்டு போகப் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. வாசலை மறித்து நின்றாள். அந்தப் படத்தை அவன் கையிலிருந்து வாங்கும்வரை அவள் நகரவில்லை; வாங்கித் திரும்பச் சுவரில் மாட்டினாள். அவன் அழுதான். குடிக்காமல் அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

மறுநாள் பாஸ்டர் றொனால்டைப் பார்க்கப் போனாள். மாடியில் ஒலிபெருக்கி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவர், "வாங்க சிஸ்டர், சத்துரு எழும்பிட்டான்" என்றார்.

"பாஸ்டர், நீங்க சொன்னது என் புருஷன."

"பொதுவாச் சொன்னது. ஆவியில நிறைஞ்சு பேசுறப்போ வரும்."

"குசுமா அக்கா கடையில கடனுக்குப் பாண் வாங்கித்தான் நீங்க வந்த புதுசுல சாப்பிட்டீங்க. அவங்களும் சிங்களம்தான், சாம்பலாகணுமா?"

பாஸ்டர் வயரைக் கீழே வைத்தார். குரலை இறக்கினார். "சிஸ்டர், இதப் பெருசாக்காதீங்க. நீங்க ஜெயிச்சு பிரதேச சபைக்குள்ள போகணும். நமக்கு இந்த மாடி போதாது. சொந்தமா ஆலயம் கட்ட அனுமதி எடுக்கணும். அதுக்குத்தான் கர்த்தர் உங்களத் தெரிஞ்செடுத்திருக்காரு."

அப்படியா என்று மட்டும் கேட்டுவிட்டு ஐவி படியிறங்கினாள். கீழே டயர் கடை ரப்பர் வாசனை அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

லோஜனிடம் தீர்வு தயாராக இருந்தது. பிள்ளைக்காம்பராவுக்கே காரில் வந்துவிட்டான்.

"மூணு வீடியோ அக்கா. கோயிலுக்குத் தட்டு எடுத்துட்டுப் போய் விபூதி பூசுறீங்க, ஒன்னு. புத்த பன்சலைக்குப் போய் ஹாமதுருக்கு முன்னால மண்டியிட்டு மன்னிப்புக் கேக்குறீங்க, ரெண்டு. அந்தப் பாஸ்டர் சொன்ன ஒரு சொல்லும் சரியில்ல, அந்தச் சபைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைன்னு சொல்றீங்க, மூணு. சரியாப் போயிரும்."

"ஒரு சொல்லும் சரியில்லையா?"

"ஆமா."

"முப்பாட்டன் காட்ட வெட்டினாருன்றது பொய்யா தம்பி? நமக்குக் காணி இல்லைன்றது பொய்யா? நீங்களே மேடையில அதத்தானே பேசுறீங்க?"

"நாங்க பேசுறது வேற அக்கா. பாஸ்டர் பேசுனா இனவாதம்."

தொட்டிலில் ஒரு குழந்தை வீறிட்டது. ஐவி அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "போயிட்டு வாங்க" என்றாள். போ என்று சொல்லக்கூட வாய் கூசியது.

ஆனால் பேசாமல் இருக்க முடியவில்லை. டிவிஷன் மைதானத்தில் கூட்டம் வைத்திருந்தார்கள். லயத்துச் சனம் வந்திருந்தது. நோட்டனிலிருந்து கடைக்காரர் சிலரும், பாண் கடைக் குசுமாவும் வந்திருந்தார்கள். தூறல். லோஜன் மேடைக்குப் பக்கத்தில் விபூதித் தட்டோடு ஒரு பையனை நிறுத்தியிருந்தான். ஐவி தட்டைத் தாண்டி மைக்கிடம் போனாள்.

"பாஸ்டர் ரெண்டு விசயம் சொன்னாரு. கோயிலுக்குப் போறவங்களப் பத்திச் சொன்னது அசிங்கம். சிங்கள சனம் சாம்பலாகும்னது அதவிட அசிங்கம். நான் ஆமென் சொன்னேன். அத யாரும் வெட்டி ஒட்டல. என் வாய்தான். அதுக்காக உங்ககிட்ட மன்னிப்புக் கேக்குறேன். என் வீட்டுக்காரர்கிட்டயும் கேக்குறேன். ஆனா நம்ம முப்பாட்டன் காட்ட வெட்டினாருன்றது நெசம். நமக்குக் காணி இல்லைன்றதும் நெசம். அத நான் வாபஸ் வாங்க மாட்டேன். அப்புறம், எனக்குப் பொட்டு வச்சது இந்தக் கட்சி. நான் வைக்கல. நான் வேதக்காரி. வேணாம்னா ஓட்டுப் போடாதீங்க."

கூட்டத்தின் நடுவிலிருந்து கொழுந்தெடுக்கும் பேச்சியம்மா எழுந்தாள். மனதில் பட்டதை வெளியே கேட்டுவிடுகிறவள்.

"அதெல்லாம் சரி ஐவி. அழகன் வீட்டுல பிசாசு இருக்கா, இல்லையா? அதச் சொல்லு."

"இத்தன வருசமா அந்த வீட்டுல பொங்கிப் போடுறேன் அக்கா. இருந்திருந்தா ஒருநாளாவது சோறு பத்தலன்னு கேட்டிருக்கும்."

சனம் சிரித்தது. தூரத்தில், குடைக்குக் கீழே நின்ற அழகன் சிரிக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை.

கூட்டம் முடிந்து குசுமா வந்து அவள் கையைப் பிடித்தாள். சிங்களத்தில், மெதுவாக, "நங்கி, காணி விசயம் நீ சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. ஆனா நேரா சொன்ன" என்றாள். ஓட்டுப் போடுவேன் என்று சொல்லவில்லை. ஐவியும் கேட்கவில்லை.

தேர்தலுக்கு முந்தின ஞாயிறு வேறொரு படம் ஓடியது. டயர் கடை மாடியில் எதிர்க்கட்சி வேட்பாளர் முழங்காலில் நிற்கிறார். அவர் தலையில் கையை வைத்து, கண்ணை மூடி, பாஸ்டர் றொனால்ட் ஜெபிக்கிறார். ஐவியின் வீடியோவை முதலில் பரப்பியதே அந்த வேட்பாளரின் ஆட்கள்தான் என்பது ஊருக்கே தெரியும். பாஸ்டருக்குத் தெரியாமலா இருக்கும். ஆலயத்துக்கு அனுமதி யார் எடுத்துக் கொடுத்தால் என்ன என்று அவர் முடிவு செய்துவிட்டார். ஐவி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய் லயத்துப் பீலியில் கொட்டிய தண்ணீரில் முகத்தைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

வட்டாரத்தில் அவள் தோற்றாள். டயர் கடை மாடிச் சபைக்காரர்கள் பாஸ்டர் காட்டிய பக்கம் போட்டார்கள். கோயில் பக்கத்தில் பாதிப் பேர் அவளை மன்னித்தார்கள், பாதிப் பேர் மன்னிக்கவில்லை. ஆனாலும் எல்லா வட்டாரத்திலும் விழுந்த மொத்த வாக்குக்குக் கட்சிக்கு ஓர் ஆசனம் கிடைத்தது. சட்டப்படி அதற்குப் பெண் ஒருத்தியைத்தான் போட வேண்டும். லோஜன் தன் அண்ணியின் பெயரைச் சொன்னான். மேல் டிவிஷன் பெண்கள் அன்று வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. பேச்சியம்மா முன்னால் நடக்க, ஹட்டனுக்குப் பஸ் ஏறிப் போய்க் கட்சி ஒபீசில் உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்காலம் ஐவியின் பெயர் எழுதப்பட்டது.

பிரதேச சபையின் முதல் கூட்டத்தன்று அழகன் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். கதவுக்கு வெளியே நின்றுகொண்டான். உள்ளே சர்வமத ஆசீர்வாதம் என்று ஏற்பாடு. பௌத்த ஹாமதுரு பிரித் ஓதினார். ஐயர் மந்திரம் சொன்னார். மௌலவி துஆ ஓதினார். கிறிஸ்தவர்கள் சார்பில் வந்தது யார் என்று ஐவி நிமிர்ந்து பார்த்தாள். புதுக் கோட்டும் எண்ணெய்க் குப்பியுமாகப் பாஸ்டர் றொனால்ட். எதிர்க்கட்சிதான் பிரதேச சபையைப் பிடித்திருந்தது. அவர்கள் அழைத்திருந்தார்கள்.

அவர் வரிசையாக உறுப்பினர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார். கிறிஸ்தவர் இல்லாதவர்களும் கமராவுக்காகத் தலை குனிந்தார்கள். அவளிடம் வந்ததும் குரல் குழைந்தது. "சிஸ்டர், பழசெல்லாம் மறந்துருவோம். கர்த்தர் உங்களக் கைவிடல பாருங்க."

கை நீண்டது. விரல் நுனியில் எண்ணெய் மினுங்கியது. அழுகின முட்டையை மூக்குக்குக் கிட்டப் பிடித்த மாதிரி ஐவி தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"என்னையத் தொடாதீங்க பாஸ்டர்."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். பாஸ்டரின் கை சற்றுநேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் புன்னகையைக் குலைக்காமல் அடுத்தவர் தலைக்குப் போனார். அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் குனிந்துகொடுத்தார்.

வெளியே வந்தபோது எல்லாருக்கும் பாற்சோறு கொடுத்தார்கள். ஐவி தட்டை வாங்கினாள். ஒரு வாய்கூட இறங்கவில்லை. அழகனிடம் கொடுத்தாள்.

"என்ன புள்ள, மொகம் இப்படி இருக்கு?"

"ஒன்னுமில்லைங்க. சாப்பிடுங்க."

அவன் நின்றுகொண்டே சாப்பிட்டான். அவள் கையைக் கழுவக் குழாயைத் தேடிப் போனாள். அடுத்த மாதக் கூட்டத்துக்கும் போனாள், அதற்கடுத்த மாதமும். ஒவ்வொரு கூட்டமும் யாராவது ஒருவர் ஆசீர்வதிப்பதோடுதான் தொடங்கியது. அந்த நேரம் முடியும்வரை அவள் வெளியே, மழையோ வெயிலோ, வாசல் படியில் நிற்பாள். அது முடிந்த பிறகு உள்ளே போய் உட்கார்ந்து, கேட்க வேண்டியதைக் கேட்பாள்.